மெல்ரோஸ் கோயில் வாசலில் அடிக்கடி கேட்கப்படும் விசா கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் எனக்கு இது பதினோராவது வருஷம். கிருத்திகைக்கு மெல்ரோஸ் முருகன் கோயிலுக்குப் போனால், பூஜை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது யாராவது பக்கத்தில் வந்து, "அண்ணே, ஒரு சின்ன டவுட்" என்பார்கள். இதுவரை அது சின்னதாக இருந்ததே இல்லை. கையில் சாம்பார் சாதத்தை வைத்துக்கொண்டு சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை, மெக்கானிக்கல் இஞ்சினியர். என் விசாவையும் மனைவி, பிள்ளைகள் விசாவையும் நானே விண்ணப்பம் நிரப்பி வாங்கியவன். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், தெரிந்த இடத்தில் எல்லாம் வருஷத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். விண்ணப்பிக்கும் முன் ஹோம் அஃபேர்ஸ் (இந்த நாட்டு உள்துறை) இணையதளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கம்பெனியில் வேலை கொடுத்துவிட்டார்கள். எந்த விசாவுக்குப் போடுவது?

வேலை விசாக்கள் எல்லாம் 2002ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 19வது பிரிவில் இருக்கின்றன. நம் ஆட்கள் வருவது பெரும்பாலும் மூன்று வழியில்.

முதலாவது கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் விசா. நாட்டில் ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்கள் என்று அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2022இல் புதிதாக வெளியிட்டு, 2023 அக்டோபரில் திருத்தினார்கள். உங்கள் தொழில் அதில் இருந்தால் இதுதான் நல்ல வழி. 5 வருஷம் வரை கொடுப்பார்கள். படிப்பை சாக்வா என்ற தகுதி ஆணையம் மதிப்பிட்டுச் சான்று தரவேண்டும். பல தொழில்களுக்கு அந்தந்தத் தொழில்முறை அமைப்பின் பதிவும் வேண்டும். இந்த இரண்டுக்கும் ஆகிற நாட்களைக் கணக்கில் சேர்க்காமல்தான் எல்லோரும், "அடுத்த மாசம் ஜாயின் பண்றேன்" என்று கம்பெனிக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது ஜெனரல் வொர்க் விசா. பட்டியலில் இல்லாத தொழில்காரர்களுக்கு இது.

மூன்றாவது, சென்னை கிளையிலிருந்து ஜோகன்னஸ்பர்க் கிளைக்கு மாற்றி அனுப்பும்போது கொடுக்கும் இன்ட்ரா கம்பெனி விசா. சீக்கிரம் கிடைக்கும் என்று மனிதவளத் துறையினர் இதைத்தான் நீட்டுவார்கள். ஆனால் இது அதிகபட்சம் 4 வருஷம்தான், நீட்டிக்கவும் முடியாது. இங்கே நிலையாகத் தங்கும் எண்ணம் இருந்தால் கையெழுத்துப் போடும் முன்பே இதைப் பேசிவிடுங்கள். 4 வருஷம் கழித்துப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிய இரண்டு குடும்பங்களை நானே விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

பாயின்ட் கணக்கு என்கிறார்களே, அது என்ன?

2024 அக்டோபரில் அரசிதழில் வந்தது. கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் விசாவோ ஜெனரல் வொர்க் விசாவோ கிடைக்க மொத்தம் 100 எடுக்க வேண்டும். தொழில் கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் பட்டியலில் இருந்தால் அதற்கே 100, கதை முடிந்தது. இல்லாதவர்கள் கூட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

எம்.இ., பிஎச்.டி. அளவிலான படிப்புக்கு 50. பி.இ. அளவுக்கு 30. ஐந்து முதல் பத்து வருஷ அனுபவத்துக்கு 20, அதற்கு மேல் 30. வருடச் சம்பளம் 6,50,976 ரேண்டிலிருந்து 9,76,194 ரேண்ட் வரை என்றால் 20, அதற்கு மேல் 50. நம்பகமான கம்பெனிகள் என்று அரசு ஏற்றுக்கொண்ட 'டிரஸ்டட் எம்ப்ளாயர்' பட்டியலில் உங்கள் கம்பெனி இருந்தால் 30. நாட்டின் அலுவல் மொழி ஒன்று தெரிந்தால் 10.

பி.இ. படித்த, எட்டு வருஷ அனுபவமுள்ள, 7 லட்சம் ரேண்ட் சம்பளம் பேசிய ஒரு தம்பியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 30, 20, 20, ஆங்கிலத்துக்கு 10, ஆக 80. தேறாது. அதே தம்பிக்கு டிரஸ்டட் எம்ப்ளாயர் வேலை கொடுத்தால் 110. ஆகவே ஆஃபர் வந்ததும், சம்பளம் எவ்வளவு என்பதற்கு அடுத்து, "உங்கள் கம்பெனி அந்தப் பட்டியலில் இருக்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள்.

தமிழுக்கு அந்த 10 கிடைக்காது. இந்த நாட்டு அரசியல் சாசனத்தின் 6வது பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் அலுவல் மொழி இல்லை. பெருமைப்பட்டுக்கொள்ளலாம், பாயின்ட்டில் சேராது.

எனக்கு சர்நேம் கிடையாது. படிவத்தில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் உட்கார்ந்து பதில் சொல்வேன். மற்றதெல்லாம் நின்றுகொண்டே.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவருக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. இந்த நாட்டிலோ நூற்றைம்பது வருஷமாக இருக்கும் தமிழர்கள் எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு: நாயுடு, பிள்ளை, கவுண்டர் என்பது திரிந்த கோவெண்டர், முதலி திரிந்த மூட்லி, படையாச்சி. கவுன்டரில் இருப்பவர் அவர்களைப் பார்த்தே பழகியவர். நம் முகத்தைப் பார்த்துவிட்டு நமக்கும் அப்படி ஒன்று இருக்கும் என்றுதான் நினைப்பார். இல்லை என்றால் நாம் எதையோ மறைக்கிறோம் என்று தோன்றும்.

என் கதையைச் சொல்கிறேன். என் பட்டச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் இனிஷியல். முதல் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. இங்கே வந்ததும் கம்பெனி சம்பளச் சீட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டார்கள். வங்கியில் என் பெயரையே இரண்டு தடவை எழுதினார்கள். அப்பா பெயரில் இருக்கும் ஒரே ஒரு 'த' எழுத்து ஆங்கிலத்தில் ஓர் இடத்தில் இரண்டெழுத்தாகவும், இன்னோர் இடத்தில் ஓரெழுத்தாகவும் விழுந்துவிட்டது. முதல் தடவை புதுப்பிக்கப் போட்டபோது, "இந்த நான்கு நபர்களுக்கும் உள்ள தொடர்பை விளக்கவும்" என்று ஒரு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நான்கு பேரும் நான்தான். அதை நிரூபிக்க நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் மாமனார் ஆஸ்பத்திரியில். ஊருக்குப் போக முடியவில்லை.

அதனால் நான் சொல்வது இதுதான். விசாவுக்குப் போடும் முன்பே, ஊரில் இருக்கும்போதே, பாஸ்போர்ட்டில் பெயரை இரண்டாகப் பிரித்து சர்நேம் கட்டத்தையும் நிரப்பிப் புதிதாக வாங்கிவிடுங்கள். பெயரே மாற வேண்டியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட்டு, அந்தப் பக்கத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சாக்வா, வங்கி, கம்பெனி, வாடகை ஒப்பந்தம், பிள்ளையின் பள்ளி என்று எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள். "கூப்பிடுகிற பெயர் அதுவல்ல" என்று மனசு கேட்காது. கூப்பிடுகிறவர்கள் கூப்பிடட்டும்.

ஏற்கனவே குழம்பிப்போனவர்கள், எல்லாப் பெயர்களையும் வரிசையாக எழுதி, இவை அனைத்தும் என்னையே குறிக்கும் என்று ஓர் அஃபிடவிட் எழுதுங்கள். இங்கே பக்கத்துப் போலீஸ் நிலையத்திலேயே உறுதிமொழி வாங்கி முத்திரை குத்திக் கொடுப்பார்கள், காசு கிடையாது. நகல்களுக்கு 'சர்ட்டிஃபைட்' முத்திரையும் அங்கேயே கிடைக்கும். அந்த முத்திரை மூன்று மாதத்துக்கு மேல் பழையதானால் பல இடங்களில் வாங்க மாட்டார்கள். முன்கூட்டியே ஐம்பது நகலுக்கு முத்திரை வாங்கி அடுக்கி வைக்காதீர்கள்.

அப்பா அம்மாவைத் துபாய் வழியாக வரவழைத்து, இரண்டு நாள் ஊர் சுற்றிக் காட்ட நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று அமீரகம் 2022 நவம்பரிலேயே சொல்லிவிட்டது.

விசா முடிய ஒரு மாதம் இருக்கிறது. இப்போது போட்டால் போதுமா?

போதாது. முடிகிற தேதிக்குக் குறைந்தது 60 நாளுக்கு முன்பே விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். கைரேகை, புகைப்படத்துக்கு, அரசுக்காக விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்துக்கு நீங்களே நேரில் போக வேண்டும், அதற்கு முன்பதிவும் வேண்டும். டிசம்பர், ஜனவரியில் நாடே விடுமுறையில் இருக்கும். போலீஸ் நன்னடத்தைச் சான்று இந்தியாவிலிருந்தும் வரவேண்டும், தென்னாப்பிரிக்காவிலிருந்தும் வரவேண்டும். இடையில் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ 12 மாதத்துக்கு மேல் இருந்திருந்தால் அங்கிருந்தும்.

நான் பின்பற்றும் முறை: விசா ஒட்டிய அன்றே, முடிவு தேதியிலிருந்து ஆறு மாதம் பின்னால் எண்ணி, சமையலறை நாள்காட்டியில் சிவப்பு மையில் வட்டம். போனில் நினைவூட்டல் வைத்தால் தள்ளிப் போட்டுவிடுவோம். நாள்காட்டியை மனைவி தினமும் கிழிப்பாள், விட மாட்டாள்.

அந்த ஸ்டிக்கரையும் ஒரு முறை உட்கார்ந்து படியுங்கள். தேதிக்குக் கீழே 'கண்டிஷன்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். எந்த வேலை, எந்தக் கம்பெனி என்று அதில்தான் எழுதியிருக்கும். வாங்கியதும் படம் எடுத்து வாட்ஸாப்பில் போடுகிறோமே தவிர, அந்த வரியை யாரும் படிப்பதில்லை. கம்பெனி பெயரில் எழுத்துப் பிழை இருந்தால், அன்றே திருத்தக் கேட்பது மூன்று வருஷம் கழித்து விளக்கம் எழுதுவதைவிட எளிது.

தேதி தவறியே போய்விட்டது என்றால்? உங்கள் கையை மீறிய காரணம் இருந்தால், விண்ணப்பம் போடும்வரை நாட்டில் இருக்க அனுமதி கேட்டு 32வது பிரிவின் கீழ் மனுக் கொடுக்கலாம். இதை 'குட் காஸ்' என்பார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்றால் கேட்பார்கள், மறந்துவிட்டேன் என்றால் கேட்க மாட்டார்கள்.

விண்ணப்பம் போட்டாயிற்று, பதில் வரவில்லை, பழைய விசா முடிந்துவிட்டது. ஊருக்குப் போய் வரலாமா?

2024 நடுவில் புது அமைச்சர் பொறுப்பேற்றபோது, முடிவெடுக்காத விசா விண்ணப்பங்கள் 3 லட்சத்துக்கும் மேல் தேங்கிக் கிடந்தன. அதன் பிறகு பெரும்பகுதியைத் தீர்த்தார்கள். இப்படிக் காத்திருக்கிறவர்களுக்காகத் துறை அவ்வப்போது ஒரு சுற்றறிக்கை வெளியிட்டு, குறிப்பிட்ட தேதிவரை சட்டப்படி தங்கலாம் என்று சலுகை கொடுத்து வந்திருக்கிறது. ஒவ்வொரு அறிக்கைக்கும் முடிவு தேதி உண்டு. போன வருஷம் நண்பர் அனுப்பிய பழைய பி.டி.எஃப்.பை நம்பாதீர்கள்.

பலர் கோட்டைவிடுவது இதில்தான்: தங்குவதற்குச் சலுகை என்றால் திரும்பி வருவதற்கும் சலுகை என்று அர்த்தமில்லை. விசா இல்லாமல் வரக்கூடிய நாட்டவருக்கும் நமக்கும் இதில் வித்தியாசம் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்காரர் ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு வெளியே போனால், திரும்பி வர அங்கேயிருந்து தனியாக ஒரு விசா வாங்கியாக வேண்டும். தங்கை கல்யாணம் என்றால்கூட, இதை எண்ணிப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். கிளம்புகிறவர்கள் ரசீது, சுற்றறிக்கை இரண்டையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். விமான நிலைய அதிகாரியிடம் போன் திரையைக் காட்டி வாதாடுவது வேலைக்கு ஆகாது.

கூடுதலாகத் தங்கிவிட்டால் அபராதம் கட்டிவிட்டுப் போகலாமா?

பணத்தோடு முடிகிற விஷயமில்லை. வெளியேறும்போது குடியேற்ற கவுன்டரில் 'அன்டிசைரபிள்', அதாவது வேண்டத்தகாதவர் என்று தாள் எழுதிக் கையில் கொடுப்பார்கள். 30 நாள் வரை கூடுதலாகத் தங்கியிருந்தால் 12 மாதம் உள்ளே வர முடியாது. இரண்டு வருஷத்துக்குள் இரண்டாவது தடவை என்றால் 2 வருஷம். 30 நாளைத் தாண்டினால் 5 வருஷம். விலக்கு கேட்டு மனுப் போடலாம், ஆனால் தக்க காரணமும் ஆதாரமும் வேண்டும்.

விசா முடிந்ததும் வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது!

முடங்கும். வெளிநாட்டவர் கணக்குகளை வங்கிகள் விசா தேதியோடு கட்டி வைத்திருக்கின்றன. புது விசா வந்ததும், அல்லது விண்ணப்ப ரசீதும் சுற்றறிக்கையும் கையில் வந்ததும், கிளைக்கே நேரில் போய்க் கொடுங்கள். முடியும் தேதிக்கு முன்பே போவது நல்லது. சம்பளம் உள்ளே போய், வெளியே எடுக்க முடியாமல் பதினெட்டு நாள் கடன் வாங்கிச் சாப்பிட்ட ஆளைத் தெரியும். (சரி, அது நானேதான்.)

மனைவிக்கு இங்கே வேலை பார்க்க அனுமதி உண்டா?

வேலை விசாக்காரரோடு வரும் கணவனுக்கோ மனைவிக்கோ கிடைப்பது 11வது பிரிவின் கீழ் விசிட்டர் விசாதான். அதில் வேலை பார்க்கக் கூடாது. ஆனால் ஒரு நல்ல வாசல் இருக்கிறது. விசிட்டர் விசாவில் வந்தவர் நாட்டுக்குள் இருந்தபடியே வேறு வகைக்கு மாற முடியாது என்பது பொது விதி. வேலை விசாக்காரரோடு வந்த துணைக்கும் பிள்ளைகளுக்கும் அந்த விதியில் விலக்கு உண்டு. அவர் பெயரில் வேலை கிடைத்து, தகுதியும் இருந்தால், இங்கிருந்தே தனி வேலை விசாவுக்குப் போடலாம். படிப்பு விசாவுக்கும் அப்படியே.

கோயிலில் பார்க்கிற பெண்களில் பாதிப்பேர் எம்.சி.ஏ., பி.எட்., சி.ஏ. இன்டர் என்று படித்தவர்கள். "அவர் விசாவில் என்னால் எதுவும் செய்ய முடியாது" என்று நான்கு வருஷம் உட்கார்ந்துவிட்டு, அப்புறம் இது தெரிந்து கோபப்பட்டவர்கள் உண்டு. கோபம் நியாயமானது. வந்த முதல் வருஷமே மனைவியின் பட்டங்களையும் சாக்வாவுக்கு அனுப்பி வையுங்கள்.

பிள்ளைகளுக்குப் படிப்பு விசா எடுக்கும்போது அதில் பள்ளியின் பெயர் இருக்கும். பள்ளி மாறினால் விசாவிலும் மாற்ற வேண்டும்.

அப்பா அம்மாவை எங்களோடு வைத்துக்கொள்ள முடியுமா?

90 நாள் விசிட்டர் விசாவில் வரலாம். இங்கே வந்தபின் ஒரு முறை இன்னொரு 90 நாள் நீட்டிக்கக் கேட்கலாம். அதற்கு மேல், 18வது பிரிவின் ரிலேட்டிவ் விசா இரண்டு வருஷம் வரை கிடைக்கும். ஆனால் அதைத் தருவது குடிமக்களின், நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களின் நெருங்கிய உறவினருக்கு மட்டும். நபருக்கு மாதம் 8,500 ரேண்ட் என்ற கணக்கில் பராமரிக்கப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். வேலை விசாவில் இருப்பவரின் பெற்றோருக்கு அந்த வழி இல்லை. பேறுகாலத்துக்கு அம்மாவும், அம்மா கிளம்பியதும் மாமியாரும் என்று மாற்றி மாற்றி வரவழைப்பதுதான் இங்கே வழக்கமாக நடக்கிறது.

பயணத்தில் ஒரு விஷயம். அடிஸ் அபாபாவோ நைரோபியோ வழியாக வந்து, அங்கே விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். மலிவான டிக்கெட் என்று பதினான்கு மணி நேர இடைவெளியில் போட்டுவிட்டு, எழுபது வயது அப்பாவைக் கவுன்டரில் நிற்க வைக்காதீர்கள். அந்த வயதில் அந்த ஊசியே போடலாமா என்பதற்கு டாக்டரைக் கேட்க வேண்டும்.

வேலை போய்விட்டால் எத்தனை நாள் தங்கலாம்?

அமெரிக்காவில் இருக்கும் மச்சான் 60 நாள் என்பார். இங்கே அப்படி எழுதிவைத்த சலுகை நாட்கள் கிடையாது. விசாவின் கண்டிஷன் வரியில் கம்பெனி பெயர் இருக்கிறது, அந்த வேலை போனால் அந்த வரியும் போய்விட்டது. புதிய கம்பெனி கிடைத்தால், கண்டிஷன் மாற்றித் தரக் கேட்டு விண்ணப்பித்து, முடிவு வந்த பின்தான் அங்கே வேலையைத் தொடங்க வேண்டும். ராஜினாமாக் கடிதத்தை நீட்டும் முன் இந்த வரிசையை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தை இங்கே பிறந்தால் தென்னாப்பிரிக்கக் குடியுரிமை கிடைக்குமா?

பெற்றோர் இருவரும் வேலை விசாவிலோ விசிட்டர் விசாவிலோ இருந்தால் கிடைக்காது. 30 நாளுக்குள் ஹோம் அஃபேர்ஸில் பிறப்பைப் பதியுங்கள். வரும் சான்றிதழில் அடையாள எண் இருக்காது, அது பிழையில்லை. அதை எடுத்துக்கொண்டு இந்தியத் தூதரகத்துக்கு. பிரிட்டோரியாவில் ஹை கமிஷன், ஜோகன்னஸ்பர்க், டர்பன், கேப் டவுனில் துணைத் தூதரகங்கள். இந்தியச் சட்டப்படி பிறந்து ஒரு வருஷத்துக்குள் அங்கே பதிய வேண்டும். தவறினால் டெல்லியின் அனுமதி வேண்டும். பிறகு குழந்தைக்குப் பாஸ்போர்ட், பிறகு விசா.

குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது மேலே சொன்ன சர்நேம் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். எண் ஜோதிடம் பார்த்து ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டுபவர்கள், அதைப் பதிவுக்கு முன்பே கூட்டிவிடுங்கள்.

இங்குள்ள தமிழ்ப் பெண்ணைக் கோயிலில் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன். அது விசாவுக்குப் போதுமா?

முதலில் வாழ்த்துகள். தாலி கட்டினால் மட்டும் இங்கே சட்டம் அதைக் கல்யாணமாக எடுத்துக்கொள்ளாது. நடத்தி வைப்பவர் 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி நியமிக்கப்பட்ட திருமண அதிகாரியாக இருக்க வேண்டும். அப்படிப் பதிவு பெற்ற குருக்கள்மார் உண்டு, கேட்டுத் தேடிப் பிடியுங்கள். இல்லையென்றால் ஹோம் அஃபேர்ஸில் போய்த் தனியாகப் பதிவு செய்யுங்கள். பிறகு 11(6) பிரிவில் துணைவர் விசா. அதில் வேலை பார்க்கவும் அனுமதி கேட்டு வாங்கலாம். உறவு உண்மையானதா என்று இருவரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேள்வி கேட்பது சகஜம்தான், கோபப்படாதீர்கள்.

தமிழ்நாட்டில் நடந்த கல்யாணம் என்றால் பதிவுச் சான்று வேண்டும். அங்கே 2009ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு பதிவு கட்டாயம். அதற்கு முன் மண்டபத்தில் நடந்த கல்யாணங்களுக்குப் பலரிடம் பத்திரிகையும் ஆல்பமும்தான் இருக்கின்றன. ஊருக்குப் போகும்போது பதிந்து, வெளிநாட்டில் ஏற்றுக்கொள்வதற்கான அப்போஸ்டில் முத்திரையும் வாங்கி வந்துவிடுங்கள்.

தாலிக்கும் விசாவுக்கும் இந்த நாட்டில் பழைய பகை. 1913 மார்ச்சில் கேப் மாகாண நீதிபதி சேர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவும் செய்யாத கல்யாணம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். அது ஒரு குடியேற்ற வழக்கு. இந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் மனைவியை உள்ளே விட மறுத்ததில் வந்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் பெண்கள் சத்தியாகிரகத்தில் இறங்கினார்கள். சிறை சென்று திரும்பிய தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது வயது 16. அவர் சமாதி இங்கே பிராம்ஃபான்டெய்ன் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. விசா வேலையாக நகருக்குள் போகிறவர்கள் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கலாம்.

ஏஜென்ட் வைக்கலாமா?

படிவம் நிரப்பத் தெரியாதவர், மேல்முறையீடு செய்பவர், விலக்குக் கேட்பவர் நல்ல வக்கீலை வைக்கலாம். மற்றவர்களுக்குத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். "உள்ளே ஆள் இருக்கிறார்" என்று சொல்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கூட வேலை பார்த்த ஒருவருக்கு ஒரு ஏஜென்ட் இரண்டே வாரத்தில் ஸ்டிக்கர் ஒட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். பளபளவென்று நன்றாகவே இருந்தது. விமான நிலையத்தில் அந்த எண்ணைத் தட்டியபோது வேறு யாரோ ஒருவரின் பெயர் வந்தது. கைரேகைக்கு உங்களைக் கூப்பிடாமலே விசா வந்தால் அது விசா இல்லை.

நிரந்தர வசிப்புரிமை எப்போது?

வேலை விசாவில் தொடர்ந்து 5 வருஷம் முடித்து, கையில் நிரந்தர வேலையும் இருந்தால் 26வது பிரிவில் கேட்கலாம். கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ்காரர்களுக்கு 27வது பிரிவில் இன்னும் நேரடியான வழி உண்டு. பதில் வர வருஷக்கணக்கில் ஆகலாம், அதுவரை வேலை விசாவை விடாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கிடைத்த பிறகு 3 வருஷத்துக்கு மேல் நாட்டைவிட்டு வெளியிலேயே இருந்தால் உரிமை போய்விடும்.

குடியுரிமையும் வாங்கலாமா என்பது வேறு கணக்கு. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் தென்னாப்பிரிக்கக் குடியுரிமை தானாகப் பறிபோகும் என்ற விதியை, செல்லாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2025 மே 6 அன்று சொல்லிவிட்டது. அதைப் படித்துவிட்டு, "இனி இரண்டும் வைத்துக்கொள்ளலாம்" என்று ஒருவர் இனிப்பு கொடுத்தார். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இங்கே குடிமகனானால் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெளிநாட்டுக் குடிமக்களாக உள்ள இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டைதான் வாங்க வேண்டும். லட்டு நன்றாக இருந்தது.

இந்த ஊர்த் தமிழ் நண்பர் ஒருவர் ஓ.சி.ஐ. கேட்கிறார். அவருக்கு எப்படி உதவுவது?

ஓ.சி.ஐ. என்பது குடியுரிமை இல்லை. ஓட்டுக் கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. ஆயுசுக்கும் விசா இல்லாமல் போய் வரலாம், அவ்வளவே. ஆனாலும் ஆசைப்படுகிறார்கள். ஆசைப்படுவதற்குக் காரணமும் இருக்கிறது.

சிக்கல் தலைமுறைக் கணக்கில். விண்ணப்பதாரர், 1950 ஜனவரி 26இல் இந்தியக் குடிமகனாகத் தகுதி பெற்றிருந்த ஒருவராகவோ, அவரின் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரனாகவோ இருக்க வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த 'டிரூரோ' கப்பலில் தொடங்கி, 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். முதல் கப்பலில் வந்தவர்களின் வம்சத்துக்குத் தலைமுறை தாண்டிப் போயிருக்கும். கடைசிக் கப்பல்களில் வந்தவர்களின் வம்சத்துக்கு வாய்ப்பு அதிகம்.

ஆதாரம் கப்பல் பதிவேடுதான். வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்திருந்தார்கள். பழைய திருமணச் சான்றிலோ இறப்புச் சான்றிலோ அந்த எண் இருக்கும், வீட்டுப் பெட்டியைக் குடையச் சொல்லுங்கள். டர்பனில் வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் காந்தி லுத்துலி ஆவண மையம் இருக்கிறது, அங்கே தேடலாம்.

லெனேசியாவில் இருக்கும் நண்பர் ஒருவர் அப்படித் தேடி எடுத்துவந்த பக்கத்தைப் போன மாதம் என்னிடம் காட்டினார். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. வலது கணுக்காலில் தழும்பு என்று எழுதியிருந்தது. ஜில்லா வட ஆற்காடு. கிராமத்தின் பெயரை மூன்று விதமாக வாசித்துப் பார்த்தோம், எந்த ஊர் என்று பிடிபடவில்லை. எழுதிய குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். கொள்ளுத்தாத்தாவின் பெயர் பதிவேட்டில் ஒரு விதம், அவர் மகனின் பிறப்புச் சான்றில் இன்னொரு விதம். அந்தக் கொள்ளுத்தாத்தாவின் பெயர்தான் இன்றைக்கு இந்தக் குடும்பத்துக்கே சர்நேம், அதுவும் மூன்றாவது விதத்தில்.

"மூன்றும் ஒரே ஆள் என்று எப்படி நிரூபிப்பது?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்ததும் என் பழைய அஃபிடவிட்டின் நகலை அவருக்கு அனுப்பி வைத்தேன்.